மூணே மூணு சைஸ்தானா?

போன ஞாயிறு திருப்பதியில் ஒரு கோட்டை விழுந்தது. கம்ப்யூட்டருக்குள்தான்... பயப்படாதீர்கள்.

கோட்டை என் நண்பன் லோகுவுடையது. வரதய்யபாளையத்துக்காரன். மறுநாள் பெங்களூரில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் சித்தூர்க்காரன் டில்லியை ஒரே ஒரு முறையாவது ஜெயிக்க வேண்டும் — அவ்வளவுதான் அவன் ஆசை. காலேஜ் முழுக்க ஒரு கோட்டைப் போர் கேமில் டில்லியிடம் உதை வாங்கியே டிகிரி முடித்தவன்.

எங்கள் கேம் சென்டரில் அன்றைக்குத்தான் ஒரு பெரிய தட்டை மானிட்டர் வந்து இறங்கியது. கேமிலோ ஸ்க்ரீன் ரெசல்யூஷன் மூன்றுதான். மூன்றுமே பழைய மானிட்டர் சைஸ்.

"இன்னாடா இது? இம்மாம் பெரிய ஸ்க்ரீன வச்சிக்கினு ஜன்னல் வழியா எட்டிப் பாக்கணுமா? செட்டிங்ஸ் ஃபைல்ல நம்பர மாத்துடா மச்சி!" என்றான் லோகு.

பழைய மானிட்டரிலேயே ஃபைலைத் திறந்து மாற்றினேன். புதுசை மாட்டி ஒரு ட்ரையல் பார்க்கலாம் என்றால், ஓனர் என் கையைத் தட்டிவிட்டார்.

"ஆகண்டிரா பாபூ, நில்லுங்க! ராகுகாலம் போனப்பறம் ஆன் பண்ணுங்க."

ராகுகாலம் போனது. ஆன் செய்தோம். நேராக மேட்ச்.

"டேய், டில்லி ஆளுங்க எங்கயோ வர்றது இங்கேர்ந்தே தெரியுதுடா!" என்று துள்ளினான் லோகு.

"அப்ப கோட்டைக் கதவச் சாத்துடா!"

"சாத்துற பட்டன் எங்கடா?"

ஸ்க்ரீனுக்கு அடியில் பட்டன்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு.

"வெளிய வந்து பழைய சைஸ் வச்சிடலாமா?" என்றேன்.

"வெளிய வந்தா தோத்த மாரிடா!"

எதிர் வரிசையிலிருந்து டில்லியின் குரல். "இன்னா மாமே, கதவத் தொறந்து வச்சிக்கினு கீற? விருந்தா?"

விருந்துதான். கோட்டையையே துன்னுட்டுப் போனான்.

பிறகுதான் விசாரித்தேன். கேம் செய்தவர்கள் அந்தப் பட்டன் பலகையை ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியாக வரைந்திருக்கிறார்களாம். நாலாவது சைஸுக்கு வரையவில்லை, அதனால் அதைத் தரவும் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு — பெரிய சைஸ் வைத்தவனுக்கு நிலம் அதிகம் தெரியும், எதிரி முன்கூட்டியே தெரிவான். சின்ன ஸ்க்ரீன்காரனுக்கு அது அநியாயம் இல்லையா? நாங்கள் செய்யப் பார்த்ததும் அதுதான்...

இப்போது சோப்பு வாங்கப் போனாலே கடை முழுக்க ரகம். அந்தப் பழக்கத்தில், எவனாவது 'மூன்றுதான்' என்றால் ஏமாற்றுகிறான் என்றே தோன்றுகிறது. சில நேரம், தன்னால் பொறுப்பேற்க முடிந்ததை மட்டும் அவன் கடைவிரிக்கிறான்.

லோகு பெங்களூர் பஸ் ஏறிவிட்டான். தோற்றதுதான் தோற்றான்... மூலை முடுக்கு விடாமல் முழுசாகப் பார்த்துத் தோற்றான்.