கள்ளன் ஆரெண்டு முதலே தெரிந்தவர்கள்

சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் பாதுகாப்பு நிலையம் வைத்திருப்பவன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டால் மட்டும் போதாது, அதை எடுக்க வருகிறவர்கள் சொல்லும் களவுக் கதைகளையும் கேட்டே ஆகவேண்டும். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு சாவகச்சேரியில் நான் பார்த்த தொழில் அது. பஸ்ஸிலும் கடை வாசலிலும் இதே கதைகளைக் கேட்டுக் காது புளித்த உங்களுக்கு என் பாடு விளங்கும்.

மரக்காலை முதலாளியின் கோழிகள்

விறகும் பலகையும் விற்கும் மரக்காலை முதலாளி ஒருவர் இருந்தார். தன் வீட்டுக் கோழி களவு போன கதையைச் சொல்லாமல் காலையில் நகரமாட்டார். கலவரத்தில் அடிபட்டு, தேயிலைத் தோட்டங்களை விட்டு ஓடிவந்து, எங்கள் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்ற மலையகத்துச் சனம்தான் கள்ளர் என்பது அவர் முடிவு. "உவங்கள் வந்த பிறகுதான் ஊர் கெட்டது" என்பார். நிற்கிறவர்கள் தலையாட்டுவார்கள்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன்: "அண்ணை, உவை வரமுந்தி இஞ்சை கோழி களவு போகேல்லையோ?"

"போனதுதான். ஆனா அது எங்கடை ஆக்கள் பிடிச்சது. அதைக் களவெண்டு சொல்லேலாது."

ஹமீது நானாவின் வேண்டுகோள்

பழைய இரும்பு வாங்கும் முஸ்லிம் வியாபாரி ஹமீது நானாவை, எங்கே எது காணாமற்போனாலும் மறிப்பார்கள். அன்றைக்குப் போனது ஒரு ரீச்சரின் சைக்கிள் மணி. "சோனகர் வாங்கிறபடியால்தானே களவெடுக்கிறாங்கள்" என்று ரீச்சர் சத்தம் போட, பக்கத்தில் நின்ற ஒருவர் பல மைலுக்கு அப்பால் அச்சுவேலியில் அன்றைக்கே போன தன் தண்ணிப் பம்பையும் சேர்த்துக்கொண்டார். நானா சாக்கைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டினார். ஓட்டைச் சட்டியும் தேய்ந்த மண்வெட்டியும்தான் விழுந்தன. பிறகு மிகவும் பணிவாகச் சொன்னார்:

"ரீச்சர், இஞ்சை மணியும் அச்சுவேலியிலை பம்பும் நான் ஒருத்தன் எடுக்கேலாது. ஒண்டையாவது வேறை ஆருக்கும் குடுங்கோ."

கொழும்புப் பயணம்

அரசாங்கக் கந்தோர் கிளாக்கர் ஒருவர் கொழும்புக்குப் போய் வந்தார். அங்கே பஸ்ஸில் ஒருத்தியின் கைப்பை காணாமற்போக, தமிழரென்று கண்டு எல்லாரும் இவரையே பார்த்தார்களாம். இவர் கொண்டுபோன, ஓலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டான்களைக்கூட அவிழ்த்துக் கிளறினார்களாம். கைப்பை சீற்றுக்குக் கீழே கிடந்தது. கேட்ட எனக்கும் மனம் கொதித்தது. "ஒண்டும் விசாரியாமல், ஆளைப் பாத்தே கள்ளனெண்டிறதோ அண்ணை?" என்றேன்.

"அதுதானே தம்பி! நான் என்ன சோனகனோ, தோட்டக்காட்டானோ?"

முத்தையாவின் கன்னம்

இது சிரிப்பில் முடியும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. கொக்குவிலிலிருந்து சந்தைக்கு வந்த ஒருவர், வெளியே மதிலில் சாத்திவிட்டுப் போன தன் சைக்கிளைக் காணவில்லை என்று கத்தினார். அந்த நேரம் பார்த்துத் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்த முத்தையாவைச் சனம் பிடித்துவிட்டது. மலையகத்திலிருந்து வந்த கூலியாள் அவன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. ஊரில் பொலிஸ் இல்லாத, துவக்குப் பிடித்த இயக்கங்களே தீர்ப்புச் சொன்ன காலம். "இயக்கத்திட்டைக் குடுப்பம்" என்றான் ஒருவன். குடுத்தால் ஆள் திரும்பி வருவது சந்தேகம்.

முத்தையா சைக்கிளை எடுக்கும்போது திருப்பித் தந்த இலக்கத் துண்டை நீட்டி, இது அவன் சைக்கிள்தான் என்று காட்டினேன். ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் மேசையில் ஏறிக் கத்தினேன்: "கள்ளன் ஆரெண்டு தெரிஞ்சிட்டுது! துலைச்சவர் கொக்குவில். அப்ப எடுத்ததும் கொக்குவிலான்தான்!" கொக்குவில்காரர் பாய்ந்தார்: "என்ன கதை கதைக்கிறாய்? எங்கடை ஊர் முழுக்கக் கள்ளரோ?" சனம் சிரித்துவிட்டது. பிடி தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய மருமகன் அந்தச் சைக்கிளிலேயே, பின்னால் வாழைக்குலை கட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

கொக்குவில்காரர் முத்தையாவுக்கு முன்னால் போய் நெளிந்தார். "குறை நினையாதை தம்பி. உன்னை அடிச்சது நானில்லை."

முத்தையா கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்: "யாரு அடிச்சதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? யாழ்ப்பாணத்து ஆளுங்க எல்லாரும் பாக்க ஒரே மாதிரிதானே இருக்கீங்க."

சைக்கிளுக்கு இரண்டு பூட்டுப் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். வாய்க்கு ஒன்று போட்டவரை மட்டும் அந்தத் தொழிலில் நான் காணவேயில்லை.