சுவாவில் ஒரு மாண்ட்ரியல் ஜன்னல்

ஒன்பது வயதில் என் சொந்த அத்தைக்கு எதிராகச் சதி செய்தவன் நான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சதியின் நோக்கத்தை எழுத இன்னும் கூச்சம். சொத்து, பரம்பரைப் பகை என்று மரியாதையான காரணம் எதுவும் கிடையாது. பத்தடிக்கு ஒன்பதடியில் ஓர் அறை, அவ்வளவுதான். கனடாவில், மாண்ட்ரியலை ஒட்டிய ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு மாடியில், ரயில் போவது தெரிகிற ஜன்னலோடு இருந்த என் அறை.

அத்தை ஃபிஜித் தீவில், சுவா நகரத்தில் இருந்தாள். அவளும் மாமாவும் அங்கே ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். குழந்தைகள் இல்லை. மாமா அங்கேயே இறந்துபோனார். அப்பாவுக்குக் கூடப் பிறந்தது இந்த ஒரு அக்காதான். முதல் வருடத் திதி டிசம்பரில் வந்தது. டிசம்பர் அங்கே மழைக்காலம் என்று எல்லோரும் சொன்னார்கள். திதி யார் சௌகரியத்துக்கும் தள்ளிப்போகாது என்று அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். கிளம்புவதற்கு முந்தைய வாரம், சமையலறையில் அவர் அம்மாவிடம் சொன்னதை மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

"அவ அங்க தனியா என்ன பண்ணப் போறா? நம்மகிட்டயே வந்துடட்டும்."

அம்மா மறுத்துப் பேசவில்லை. நான் கணக்குப் போட்டேன். வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்று அவர்களுடையது. இன்னொன்றில் அத்தை வந்தால், அதில் இப்போது இருப்பவன் தரைக்கடியில் இருக்கும் பேஸ்மென்ட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் இருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அது தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமும். அதன் அருகில் படுத்துத் தூங்குவதைவிடத் தீவில் ஒரு விதவை தனியாக இருப்பது எனக்கு எவ்வளவோ மேலாகப் பட்டது.

மூன்று விமானங்கள் மாறிப் போனோம். நடுவில் ஒரு வியாழக்கிழமை காணாமல் போயிற்று. பூமியின் சுழற்சி, தேதிக்கோடு என்று அப்பா காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். யாருடைய பையிலிருந்தோ அது கடலில் நழுவி விழுந்துவிட்டதாகவே நான் புரிந்துகொண்டேன். அந்த ஒரு நாள் குறைந்ததாலோ என்னவோ, சுவாவில் இருந்த இரண்டு வாரமும் நான் முழுதாக விழித்திருந்ததாக நினைவில்லை.

எல்லாவற்றுக்கும் பின்னால் மழை இருந்தது. மாண்ட்ரியலில் மழை என்றால் காரிலிருந்து வாசலுக்கு ஓடுவது. சுவாவில் அது வீட்டு ஆள் மாதிரி. காலையில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போவதற்கு அவசரம் காட்டாது. தகரக் கூரை. ஜன்னல்களில் கதவு கிடையாது. சாய்த்து அடுக்கிய கண்ணாடிப் பட்டைகள், இடைவெளி வழியாகச் சாரல். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகியிருந்தது. துண்டு காய்வதே இல்லை. நான் கொண்டுபோயிருந்த படக்கதைப் புத்தகம் மூன்றாம் நாள் தலையணை அளவுக்கு உப்பிவிட்டது. ஜனங்கள் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தார்கள். முற்றத்தில் தேரைகள் ஆளுக்கொரு இடம் பிடித்துக் காத்திருந்தன, யாரோ கூட்டம் போட்டுப் பேச வருவதுபோல.

மதியம் பாயில் படுத்தால் கூரைச் சத்தம் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ரொக்ஸ்பரோ ரயில் தண்ணீருக்கடியில் ஓடும். ஜன்னலோர இருக்கைகளில் மீன்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்கும். கண் விழித்தால் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, கூரையைப் பார்க்காமலே சொல்லுவாள்: இது கடல் பக்கத்திலிருந்து வந்தது, நிற்காது. அல்லது, இது மலைப் பக்கத்து மழை, சும்மா சத்தம், காபி குடிப்பதற்குள் போய்விடும். அவள் சொன்னது ஒருமுறைகூடத் தப்பவில்லை. நான் அதைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களின் பொது அறிவு என்று எடுத்துக்கொண்டேன்.

திதி முடிந்த மறுநாள் அப்பா தன் வேலையை ஆரம்பித்தார். அத்தையின் கட்டில் தலைமாட்டில் சொட்டும் ஜன்னலைக் காட்டுவார். கீழே வைத்திருந்த பேசினைக் காட்டுவார். இந்த ஓட்டை வீட்டில் எப்படி இருப்பாய் என்பார். அத்தை பேசினைக் காலி செய்துவிட்டு வந்து உட்காருவாள். ஆனால் நாலாவது நாள் அவள் மாண்ட்ரியலில் பச்சை மிளகாய் கிடைக்குமா என்று கேட்டாள். ஜான்-டலோன் சந்தையில் கூடை கூடையாகக் கிடைக்கும் என்றார் அப்பா. மிளகாய் வரைக்கும் வந்துவிட்டாளே.

அப்போதுதான் யோசனை வந்தது. ஜன்னல் ஒழுகுவதுதானே அப்பாவின் வாதம்? ஒழுகுவதை நிறுத்திவிட்டால் அத்தைக்குக் கிளம்பக் காரணம் இருக்காது.

இந்த விஷயத்தில் எனக்குத் தொழில் அனுபவம் இருந்தது. அப்பா கட்டடங்களுக்கு வெப்பமூட்டும் துறையில் இன்ஜினியர். ஜன்னல் வழியாக வெளியேறும் சூட்டைத் தனக்கு நேர்ந்த அவமானமாகக் கருதுபவர். நவம்பர் வந்தால் வீட்டு ஜன்னல் ஒவ்வொன்றின் சட்டத்திலும் இருபக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை அதன்மேல் இழுத்துப் பிடிப்பார். நான் ஹேர் டிரையரால் சூடுகாட்ட வேண்டும். சுருக்கமெல்லாம் போய்த் தாள் கண்ணாடிபோல விறைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் ஏப்ரல் வரை காற்று உள்ளே வராது. பயணத்துக்கும் மழைக்காலம் என்பதால் துணிகளை அதே பிளாஸ்டிக்கில் சுற்றி, டேப் போட்டு ஒட்டியிருந்தார். டேப்பில் பாதிச் சுருள் பெட்டியில் மீதியிருந்தது.

பெரியவர்கள் மூவரும் சந்தைக்குக் கிளம்பிய காலையில் எனக்கு வயிற்றுவலி வந்தது. அவர்கள் தெருமுனை தாண்டியதும் போய்விட்டது. அத்தையின் அறையில் இரண்டு ஜன்னல்கள். நாற்காலி மேல் ஏறி டேப் ஒட்டி, துணிகளிலிருந்து பிரித்த தாளை இழுத்து, அம்மாவின் ஹேர் டிரையரை அப்பாவின் அடாப்டரில் செருகினேன். அங்கே மின்சாரம் எங்கள் ஊரைவிட இரண்டு மடங்கு என்பதை அடாப்டர் சொல்லவில்லை. டிரையர் விமானம்போல ஒரு சத்தம் போட்டது, நீலமாகப் புகை விட்டது, அத்தோடு சரி. ஒரு ஜன்னலில் மட்டும் தாள் விறைத்திருந்தது. இன்னொன்று தொளதொளவென்று, காற்றுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் போய்வந்தது. சாரல் தாளுக்கு அந்தப் பக்கம் வழிந்தது. மழை திடீரென்று ரொம்ப தூரத்துக்குப் போய்விட்டது. கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிற மீன்போல அந்தக் கட்டிலில் படுத்து அப்படியே தூங்கிப்போனேன்.

அம்மா டிரையருக்காக என் காதைத் திருகினாள். அப்பாவோ வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை என் மார்க்‌ஷீட் எதுவும் அதற்கு முன்போ பின்போ வரவழைத்ததில்லை. தன் அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

"பாருக்கா. எங்க வீடு இப்படித்தான் இருக்கும். ஒரு பொட்டுத் தண்ணி உண்டா? படுத்துப் பாரேன்."

அத்தை படுத்தாள். அப்பா கதவைச் சாத்திவிட்டு, தூங்குகிற குழந்தைக்குக் காவல் இருப்பவர்போலக் கூடத்தில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை.

"ஏண்டா, அங்க எல்லா ஜன்னலும் இப்படித்தானா?"

"எல்லாமே. நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும்."

"மழை பெய்யுதா நின்னுடுச்சான்னே தெரியலையே. வெளியில என்ன நடக்குதுன்னு அங்க எப்படித் தெரிஞ்சுப்பீங்க?"

"காலைல டிவியில சொல்லிடுவான்க்கா," என்றார் அப்பா, பெருமையாக.

அன்று சாப்பிடும்போது அத்தை தான் சுவாவிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள். ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். வாரா வாரம் போன் பண்ணு, போதும் என்றாள். அப்பா சிரித்தார், பிறகு வாதாடினார், மூன்றாம் நாள் பேச்சை நிறுத்திவிட்டார். அத்தை சொன்னதற்கு மறுநாள் காலையே ஜன்னலில் பிளாஸ்டிக் இல்லை. சட்டத்தில் ஒட்டியிருந்த பசையை அத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒழுகலை அடைத்ததால்தான் அவள் அங்கே இருக்கிறாள் என்றால், அடைத்ததை ஏன் பிரிக்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஜெயித்தவன் கேள்வி கேட்பதில்லை.

திரும்பும்போது ஒரே நாள் இரண்டு முறை வந்தது. அப்பா படம் போட்டு விளக்கவில்லை. பசிபிக் முழுவதும் நெற்றியை விமான ஜன்னலில் வைத்துக்கொண்டே வந்தார். டிரையர் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு நாற்பத்திரண்டு வருடங்கள் அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவுக்குப் போன் செய்தார். போன குளிர்காலத்தில் போய்விட்டார். இப்போது நான் செய்கிறேன். அத்தைக்கு எண்பத்தாறு, இன்னும் அதே வீடு, அதே கூரை. போனில் கேட்கும் மழை என்ன மழை என்று நான் ஊகிப்பேன், எப்போதும் தப்பாக.

இந்த நவம்பரில், என் வீட்டு ஜன்னலுக்குத் தாளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. அன்று நான் அவள் வீட்டைப் பழுதுபார்க்கவில்லை. எங்கள் வீட்டைக் கொண்டுபோய் அவள் ஜன்னலில் ஒட்டிக் காட்டியிருக்கிறேன். அப்பாவிடமிருந்து அவர் அக்காவை ஓர் அறைக்காகப் பறித்தவன் நான். ஏணியிலிருந்து இறங்கி, கண் கலங்கி, அன்றைய சதி முழுவதையும் போனில் ஒப்புக்கொண்டேன்.

அத்தை, அந்த ஒரு மணி நேரம் தனக்கு நினைவிருக்கிறது என்றாள். மாமா போனபிறகு மழைச் சத்தத்தில் வீடு காலியாகத் தெரியாதாம். அந்தத் தாளுக்குள் படுத்தபோதுதான் அவர் இல்லை என்பது உறைத்ததாம். நான் மூக்கை உறிஞ்சினேன். அது அங்கே கேட்டிருக்க வேண்டும்.

"சரி, அழாத. உன் ரூமை யாருடா கேட்டா? உங்கப்பன் எனக்குப் பக்கத்துத் தெருவுல தனி வீடே பார்த்து வெச்சிருந்தான். ஸ்கூல்ல நாள் பூரா பசங்களோட மாரடிச்சவ நான், உன்னோட ஒரே வீட்டுல இருக்க என்னால முடியாதுன்னு அவனுக்கு மொத லெட்டர்லயே எழுதிட்டேனே."