வேட்டி போர்த்திய டிவி

அப்பா இறந்தபோது நான் அழவில்லை. பட்டியல் போட்டு வேலை பார்த்தேன். இறப்புச் சான்றிதழ், வங்கி, கேஸ் சிலிண்டர், கடைசியாக அவர் பெயரில் இருந்த டிஷ் இணைப்பு.

கருமாதி முடியும்வரை எங்கள் அலங்காநல்லூர் வீட்டில் டிவி போடக் கூடாது. அப்பாவின் அக்கா, என் அத்தை, முதல் நாளே பிளக்கைப் பிடுங்கி, டிவிமேல் அப்பாவின் வேட்டியைப் போர்த்திவிட்டார். இணைப்பை ரத்து செய்ய அப்பாவின் போனில் அந்த டிஷ் கம்பெனியின் ஆப்பைத் திறந்தேன். வேறொரு போனில் யாரோ இப்போது பார்த்துக்கொண்டிருப்பதாகக் காட்டியது. அம்மாவின் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தது நான்தான்.

உள்ளறைக்குப் போனேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல், அப்பாவோடு தினமும் பார்க்கும் சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பின்னால் அத்தை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் கூடத்தில் இருக்கும் சொந்தமெல்லாம் அம்மாவை ஏசும். வாசலை மறித்து நின்றேன்.

"தள்ளுடி" என்று விலக்கிவிட்டு உள்ளே போனார்.

அம்மா போனை மறைக்கவில்லை. "ஆஸ்பத்திரியில கெடந்தப்பகூட, சீரியல்ல அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டாரு மதினி. பாத்துச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்."

அத்தை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "சத்தம் வையி. ஊமப்படமா பாத்துட்டு என் தம்பிகிட்ட என்னத்தச் சொல்லுவ?"

கதவைச் சாத்திவிட்டு வெளியே காவலுக்கு உட்கார்ந்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. ரத்து செய்யாமல், இணைப்பை அம்மாவின் எண்ணுக்கு மாற்றினேன். அப்பாவுக்காக நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக முடித்துவைப்பதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.