ஆராயி தொட்டுச் சொன்ன பதினோரு பேர்

திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகும் சாலையோரம் ஒரு கல்குவாரி இருந்தது. அங்கே பத்து வருஷம் சல்லி உடைத்தவள் ஆராயி. கல் தெறித்து இடது கண்ணில் பார்வை போனபிறகு, கம்பெனி அவளை மருந்துக் கொட்டகைக்கு மாற்றியது. காயம் கழுவுவாள், கட்டுத்துணி வேகவைப்பாள், கம்பவுண்டர் ஜெயினுலாபுதீன் கலக்கும் மருந்தைப் புட்டிகளில் ஊற்றிக் கொடுப்பாள். எழுத்து தெரியாது. ஆனால் புறங்கையை ஒருவர் நெற்றியில் வைத்தால் ஜுரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள்.

1957 ஜூனில் மதராஸிலிருந்து விஷ ஜுரம் கரையோரமாகப் பரவி வந்தது. ஜுரம் கண்டவன் உடனே கேட்டுக்கு வெளியே போகவேண்டும், குணமாகும்வரை வேலையும் கூலியும் கிடையாது என்று மானேஜர் உத்தரவு போட்டார். மற்றவர்களுக்கு ஒட்டக்கூடாது என்பதுதான் அவர் எண்ணம். மறுநாளிலிருந்து ஜுரம் என்று ஒருவரும் கொட்டகைக்கு வரவில்லை.

"இது நல்லதுக்கில்லம்மா. மறைக்கிறானுங்க" என்றார் கம்பவுண்டர்.

ஒரு வியாழக்கிழமை காலை, வெடிக்காரன் சின்னையன் நசுங்கிய கட்டைவிரலோடு வந்தான். கட்டுப் போடக் கையைப் பிடித்த ஆராயிக்கு அடுப்பில் கை வைத்ததுபோல் இருந்தது.

"டேய், ஒடம்பு கொதிக்குதேடா."

"யக்கா, மானேஜர் காதுல போட்டுடாத. வெளிய தள்ளிட்டா வூட்ல நாலு வயிறு இன்னா துன்னும்? ஒரு மாத்திர குடு, போதும்."

கம்பவுண்டர் அப்போது சைக்கிளில் செங்கல்பட்டுக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். ஆராயி இரண்டு மாத்திரை கொடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பகல் பன்னிரண்டுக்கு வெடி விசில் ஊதியது. ஆட்கள் ஒதுங்கினார்கள். பாறை முகத்தின் நடுவே, இடுப்பில் கயிற்றோடு சின்னையன் ஒரு திட்டில் நின்றான். ஐந்து திரிகளுக்கு நெருப்பு வைத்துவிட்டு அவன் கயிற்றை இரண்டு முறை இழுக்கவேண்டும். மேலே இருக்கும் ஆபிரகாமும் இன்னொருவனும் அவனைத் தூக்கிவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் திட்டு தெரியாது.

மூன்றாவது திரி புகைந்தது. சின்னையன் நான்காவதுக்குக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தலை முழங்காலில் விழுந்தது. கயிறு அசையவில்லை.

கொட்டகை வாசலிலிருந்து இதைப் பார்த்த ஆராயி வெட்டவெளிக்கு ஓடினாள். பின்னால் யாரோ கத்தினார்கள். அவள் நிற்கவில்லை.

"ஆபிரகாமு! இழுடா! அவன் வுழுந்துட்டான், இழு!"

மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. கயிறு விறைத்தது. சின்னையன் மூட்டைபோல் பாறையில் இடித்துக்கொண்டே மேலேறினான். ஆராயி அங்கே நிறுத்தியிருந்த லாரிக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டாள். மூன்று வெடியும் அடுத்தடுத்து வெடித்தன. லாரியின் மேல் கல் மழையாக விழுந்தது.

புகை அடங்கியதும் மானேஜர் வந்தார். சின்னையன் கணுக்கால் உடைந்து, ஜுரத்தில் பிதற்றிக்கொண்டு கிடந்தான்.

"ஜுரக்காரனை மேலே அனுப்பினது யார்?"

ஆராயி முன்னால் வந்தாள்.

"எனக்குக் காலைலயே தெரியும் ஐயா. சொல்லாத வுட்டது என் தப்பு. ஆனா சொன்னா வெளிய தள்ளுவீங்க. அதுக்குத்தான் எல்லாரும் மறைச்சிகினு கீறாங்க."

"எல்லாரும்னா?"

"தொட்டுச் சொல்றேன்."

வரிசையாக நெற்றி தொட்டுக்கொண்டே போனாள். ஒருவன் பின்வாங்கினான். ஒரு பெண் அழுதாள். பதினோரு பேரைத் தனியே நிறுத்தினாள். அந்தப் பதினோரு பேரில் மானேஜருடைய லாரி டிரைவரும் இருந்தான்.

அன்று மாலைக்குள் வெடி நிறுத்தப்பட்டது. சாமான் கிடங்கைக் காலிசெய்து கோணிப்பை விரித்தார்கள். ஜுரக்காரர்களுக்கு அரைக் கூலியும் இரண்டு வேளைக் கஞ்சியும் என்று மானேஜர் சொன்னார். திரும்பி வந்த கம்பவுண்டர் அதோடு விடவில்லை.

"இங்க மட்டும் பாத்தா எப்டி சார்? இவங்க குப்பத்து வூட்டுக்குப் போனா திரும்ப ஒட்டிக்கும். அங்க கீற மீன்கார ஜனத்துக்கும் மருந்து போவணும்."

மானேஜர் லாரியைக் கொடுத்தார்.

பதினெட்டு நாள் அந்த லாரி சதுரங்கப்பட்டினத்துக்கும் பக்கத்துக் குப்பங்களுக்கும் போய்வந்தது. டிரைவருக்குப் பதில் கம்பவுண்டரே ஓட்டினார், ஆராயி பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் பல வீடுகள் கதவே திறக்கவில்லை. மருந்தில் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று பேச்சு. ஆராயி ஒவ்வொரு வாசலிலும் புட்டியிலிருந்து ஒரு மடக்கு தான் குடித்துக் காட்டினாள். ஒன்பதாம் நாள் அவளுக்கே ஜுரம் வந்தது. நான்கு நாள் கிடங்கில் படுத்தாள். அப்போது கஞ்சி ஊற்றியவன் ஆபிரகாம்.

எழுந்து போன முதல் நாள், சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் சைனம்பு என்பவளின் ஆறு மாதக் குழந்தை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. துணியில் சுற்றித் தாயோடு லாரியில் ஏற்றிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். வழியிலேயே குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது. சைனம்பு அழவில்லை. "வண்டிய திருப்புங்க. எம் மாமியாளுக்கும் நெஞ்சு இழுக்குது" என்றாள்.

திருப்பினார்கள். ஆராயி அந்தக் கிழவிக்கு இரவு முழுக்க நெஞ்சில் ஒத்தடம் கொடுத்தாள். கிழவி பிழைத்தாள்.