வேட்டி போர்த்த டியூலிப் மொட்டுகள்

ஐயா, அம்மணி, தங்கள் நேரத்தில் சிறிதளவை இக்குறிப்புக்கு ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

புலம்பெயர்ந்து வந்த இந்நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கீழ்வீட்டுக்கு முன்னால் ஒடுக்கமான மண்பாத்தி ஒன்று உண்டு. சென்ற ஐப்பசியில் என் மனைவி அதில் டியூலிப் கிழங்குகளை ஒன்பது கூட்டங்களாக ஊன்றினார். அதன் பின்னர் அவருடைய நினைவு மெல்லக் கலைந்தது. பிள்ளைகளின் பெயர்கள் போயின. கிழங்குகள் மாத்திரம் தங்கின. பாத்தி பனிக்குள் புதைந்து கிடந்த மாதங்களிலும் காலைதோறும் சன்னலருகே நின்று, "இஞ்சேருங்கோ, பூத்திட்டுதோ?" என்று கேட்பார். எங்களுக்கிடையே எஞ்சியிருந்த உரையாடல் அவ்வளவே. ஆகவே மே மாதத்தில் மொட்டுகள் நிறங்காட்டிய வேளை, கடும் உறைபனி வருமென வானொலி அறிவித்தபோது நான் கலங்கிப்போனேன்.

கம்பளி பாரம், தண்டை முறித்துவிடும். அவருடைய சேலைகளை எடுத்தால் அலுமாரியில் காணாமல் தவிப்பார். எனவே கோயிலுக்குக் கட்டும் என் வெள்ளை வேட்டிகளை எடுத்தேன். மொட்டில் துணி படாதிருக்கக் குச்சிகள் நட்டு, ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியே போர்த்து, ஓரங்களில் செங்கல் வைத்தேன்.

மேல்மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்தவர், பேருந்து ஓட்டுபவர், வேலை முடிந்து வந்து படியில் நின்றார்.

"என்ன அண்ணை, வாசல்லை வரிசையாக் கிடத்தி வைச்சிருக்கிறியள்? எத்தினை பேர்?"

"உறைபனிக்கு மூடியிருக்கிறன். பகிடி விடாமல் மேலை போம்."

"போறன், போறன். ஆரும் எழும்பினால் என்ரை கதவைத் தட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சிரித்தேன். அவர் போன பின்னர் திரும்பிப் பார்த்தேன். குச்சிகள் துணியை உயர்த்திய இடங்கள் மூக்கும் முழங்காலுமாகத் தெரிந்தன. காற்றில்லை, ஆயினும் ஒரு வேட்டி எழுந்து தாழ்ந்தது. சன்னலில் மனைவி நின்றார். மொட்டுகளைப் பற்றிக் கேட்கவில்லை. உதடசைய வேட்டிகளை ஒன்று, இரண்டென்று எண்ணிக்கொண்டிருந்தார்.

விடியலில் விழித்தபோது அவருடைய படுக்கை வெறுமையாயிருந்தது. வாசற்கதவு திறந்து கிடந்தது. வெளியே புல் வெளுத்திருந்தது. வேட்டிகள் பலகைபோல் விறைத்திருந்தன. அவர் குனிந்து முதலாவதன் தலைப்பைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"இது இல்லை."

அடுத்ததற்குப் போனார். "இதுவும் இல்லை."

அப்போதுதான் என் பிழை விளங்கிற்று. எங்கள் திருமணத்துக்கு முன்னர், குண்டு விழுந்த மறுநாள், ஊரில் ஓர் ஆஸ்பத்திரி முற்றத்தில் இப்படித்தான் வெள்ளைத் துணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அவர் தம் தம்பியைத் தேடினார். தம்பி அங்கே இருக்கவில்லை. பின்னர் வேறெங்கும் அகப்படவுமில்லை. நான் அறிந்த செய்தி அது. வேட்டிகளை விரித்த மாலையில் அதை மறந்திருந்தேன்.

உறைபனி மிகக் கடுமையாய் இறங்குவது அவ்வேளையில்தான். தடுத்தால் மொட்டுகள் தப்பும். அவருடைய தேடல் நடுவே நின்றுவிடும். நான் பின்னே சென்று, அவர் விட்ட துணிகளை மீண்டும் மூடிச் செங்கல் வைத்தேன்.

ஒன்பதாவதன் துணியை இறக்காமல் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"ஆரைத் தேடுறீர்?"

"தம்பியை. இதுக்கையும் இல்லை." என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அப்ப அவன் உயிரோடைதான். வீட்டை வந்திருப்பான். தேத்தண்ணி போடுங்கோ."

மூன்று கோப்பைகள் வைத்தேன்.

வெயில் ஏறியதும் வேட்டிகளை அகற்றினேன். எட்டுக் கூட்டங்கள் நிமிர்ந்து நின்றன. ஒன்பதாவதன் மொட்டுகள் கறுத்துத் தலை தொங்கின. எட்டும் அடுத்த வாரம் சிவப்பாய் விரிந்தன. அவர் பார்த்தார். பூத்ததோ என்று அதன்பின் கேட்கவில்லை. இப்போது காலைதோறும், "தம்பி எழும்பிட்டானோ?" என்கிறார். நான் "ஓம்" என்கிறேன். மூன்றாவது கோப்பை மேசையில் ஆறுகிறது.

என் நினைவும் ஒருநாள் கலையக்கூடும். இக்குறிப்பைத் தங்களிடம் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.