அவுகன்: பீடோர் தோட்டத்தில் ஒரு பெயரைத் தேடி

என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன? எனக்குத் தெரியாது. இந்தப் பயணத்துக்குப் பிறகும் தெரியாது; முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பப் பெயர் அவுகன். மலேசியத் தமிழர்கள் பெரும்பாலும் அப்பா பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். தாத்தா தோட்டக் குமாஸ்தாவாக, அதாவது கிராணி வேலைக்குப் போனதும், வெள்ளைக்காரர்களைப் போலத் தன் அப்பா பெயரைக் குடும்பத்துக்கே வைத்துவிட்டார். எந்தப் பெயர் எங்கே பரவியிருக்கிறது என்று காட்டும் ஓர் இணையதளம், இது பேராக் மாநிலத்தில் மட்டுமே உள்ளது என்கிறது. உண்மைதான். அத்தனை பேரும் அண்ணன் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். 'ஆட்சியாளன்' என்று பொருளாம். ஆதாரம் எதுவும் தரவில்லை.

போன மாதம் அப்பாவின் முதல் திவசம். மூன்று தலைமுறைப் பெயர்கள் வேண்டும், அவுகன் பட்டப்பெயர் மாதிரி இருக்கிறது, சொந்தப் பெயரைக் கேட்டு வாருங்கள் என்று ஐயர் சொல்லிவிட்டார். "பேரில்லாம பிண்டம் வச்சா யாருக்கும்மா போய்ச் சேரும்?" என்று அண்ணன் போனில் கேட்டார். குரல் சரியில்லை. திவசத்துக்கு முதல் நாள் ரயிலேறினேன்.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம். கொள்ளுத்தாத்தாவின் தோட்டம் இருக்கும் பீடோர் வழியிலேயே வரும். ஆனால் அண்ணனின் கார் ஈப்போவில் இருந்தது. சிம்பாங் பூலாய் தாண்டித் தெற்கே ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் திரும்பி வந்தோம். பிறகு ஆறு கிலோமீட்டர் செம்மண் சாலை.

1920களில் கொள்ளுத்தாத்தா அங்கே ரப்பர் மரங்களில் பால் வெட்டினார். மலேரியாவில் இறந்தபோது தாத்தா கைக்குழந்தை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே.

இப்போது ரப்பர் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர் லயங்களில் ஒரு வரிசை வீடுகள் மிச்சம். அங்கே சட்டி கழுவிக்கொண்டிருந்த சரோஜா அக்கா அறுபதைத் தாண்டியவர், அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். அண்ணன் எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லி, "ராஜா பரம்பரைப் பேருன்னு இணையத்துல போட்டிருக்கான்க்கா" என்றார்.

"எந்த ராஜா? எங்க வீட்டுக்காரரையும் நான் அவுகன்னுதான் சொல்றேன். சாப்புட்டுட்டு உள்ள தூங்குறாரு, எழுப்பவா லா?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

"கோச்சுக்காதீங்க தம்பி. புருஷன் பேரச் சொன்னா ஆயுசு குறைஞ்சிரும்னு அந்தக் காலத்துப் பொம்பளைங்க வாயால சொல்ல மாட்டாங்க. எங்கம்மா கடைசிவரைக்கும் சொல்லல. அப்ப கிராணிங்க மலையாளி. பிள்ளையப் பதியுறப்ப அப்பன் யாருன்னு அந்தக் கிராணி கேட்டிருப்பாரு. 'அவுக'ன்னு கையக் காட்டியிருக்கும் உங்க பூட்டி. அவருக்கு என்னா புரியும்? அதையே பேருன்னு எழுதிக்கிட்டாரு."

இதை நிரூபிக்க முடியாது. ஆனால் இணையதளத்தின் ஆட்சியாளனைவிட நம்பத் தகுந்தது. கணவன் பிழைத்துக் கிடக்கட்டும் என்று கொள்ளுப்பாட்டி பெயரைச் சொல்லவில்லை. காய்ச்சலில் அவன் போனான், பெயரும் கூடவே போனது.

"ஆள் பிடிச்சுட்டு வந்த கங்காணி வீட்டு ஆளுங்களுக்காவது தெரியுமாக்கா?" என்று அண்ணன் கேட்டார்.

"யாரு இருக்கா தம்பி? புதைகாடுகூட இல்ல. அதுலயும் செம்பனை போட்டுட்டாங்க."

அண்ணன் அந்த மரங்களுக்குள் கொஞ்ச தூரம் போய் நின்றார். கொள்ளுத்தாத்தாவைப் புதைத்தது எந்த இடம் என்று காட்ட ஆளில்லை.

இப்படிப் பெயர் தேடிப் போகிறவர்களுக்கு: மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், சின்னக் கார் சேற்றில் மாட்டிக்கொள்ளும். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். உள்ளே கடை இல்லை, பீடோரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பெயரின் பொருளை இணையத்தில் தேடுமுன், உங்கள் வீட்டுப் பெண்கள் கணவர்களை எப்படிக் குறிப்பிட்டார்கள் என்று கேளுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

மறுநாள் காலை, ஈப்போவில் கிந்தா ஆற்றங்கரையில் திவசம். மூன்றாவது பெயருக்கு ஐயர் நிறுத்தினார்.

"தெரியல சாமி" என்றார் அண்ணன்.

"பரவால்ல, நாராயணன்னு சொல்லுங்கோ."

"அது அவர் பேரில்லையே?"

"பேர் தெரியாதவா எல்லாருக்கும் அதான்."

அண்ணன் சொன்னார். அப்பாவின் உருண்டையையும் தாத்தாவின் உருண்டையையும் தண்ணீரில் விட்டார். மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஐயர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் விட்டார்.