வெறும் வயிற்றில் ஒரு துண்டு

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள், ஊரே ஈஸ்டருக்காகச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது, சவேத்தா க்ளுஜ் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக பஸ் ஏறினாள். ஏறுவதற்கு முன் ரஃபிலாவின் வீட்டுக்குப் போய், துணியில் சுற்றிய மரமுத்திரையைக் கொடுத்தாள். கோயிலுக்குச் சுடும் கோதுமை அப்பத்தின் மேல் சிலுவை பதிக்கிற முத்திரை. மாதவிலக்கு நின்றவளாக, வாயில் பொய் வராதவளாகப் பார்த்துத்தான் பாதிரியார் அந்த வேலையைக் கொடுப்பார். இத்தனை வருஷமாக அது சவேத்தாவிடம் இருந்தது.

"திரும்பி வந்ததும் வாங்கிக்கிறேன்" என்றாள்.

"நீ முதல்ல உசிரோட வாக்கா" என்றாள் ரஃபிலா. கை மட்டும் அதற்குள் முத்திரையை வாங்கிவிட்டிருந்தது.

இரண்டு வருஷமாக சவேத்தாவுக்கு எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை. வயிறு உப்பும், பிறகு வெளியே ஓடிவிடும். பாவாடை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டாள். உனக்குச் சோறு போடுவதும் ஆற்றில் கொட்டுவதும் ஒன்றுதான் என்று அவள் புருஷன் பம்ஃபில் கேலி செய்வான். ஆனால் அவளுக்குத் தெரியாமல் மாட்டு வியாபாரியிடம் க்ளுஜ் டாக்டர்களைப் பற்றி விசாரித்து வந்தவனும் அவன்தான்.

மருத்துவமனையில் வாய்வழியாகக் குழாய் இறக்கி, சிறுகுடலிலிருந்து துளித் துளியாகச் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். இலிங்கா என்ற இளம் பெண் டாக்டர் படம் வரைந்து விளக்கினார். குடலின் உட்சுவர் கம்பளிபோல இருக்க வேண்டும், அப்போதுதான் சத்தை உறிஞ்சும். சவேத்தாவுக்குக் கம்பளியெல்லாம் தேய்ந்து வெறும் சாக்காகிவிட்டது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற ஒரு புரதம் அவளுக்கு ஆகவில்லை. இனி ஆயுசு முழுக்க ரொட்டி கிடையாது, ஒரு துணுக்குகூட.

சவேத்தா அதை ஒரு நோன்பாக எடுத்துக்கொண்டாள். ஈஸ்டருக்கு முன்னும் கிறிஸ்துமஸுக்கு முன்னும் வாரக்கணக்கில் இறைச்சியும் பாலும் விட்டுப் பழகியவளுக்கு இது முடிவில்லாத இன்னொரு நோன்பு, அவ்வளவுதான். சோளக்களி, உருளைக்கிழங்கு, மொச்சை. தனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. மாவு கையில் படக்கூடாதென்று முத்திரையைத் திரும்பக் கேட்கவில்லை. அதை நினைத்து ஒருநாள் கோழிக்கூட்டின் பின்னால் நின்று அழுதாள்.

காலையில் மட்டும், பல் துலக்கியதும், கிழக்கே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, ஜாடியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, ஒரு மிடறு தீர்த்தம் குடிப்பாள். பூசை முடிந்ததும் பாதிரியார் கொடுக்கிற ஆசி அப்பம் அது. உலரவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். எந்தக் கடும் நோன்பிலும் அதற்குத் தடை இல்லை. முன்பு அதற்கு மாவு பிசைந்தவளே அவள்தான். இருந்தும், பலிபீடத்துக்குப் போய்த் திரும்பிய ஒன்றை ரொட்டி என்று அவள் நினைத்ததே இல்லை. அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை.

உடம்பு தேறவில்லை. பத்தியம் இருந்தும் குணமாகாதவர்களுக்காக மருத்துவமனையில் ஒரு ஆய்வு நடந்தது. புது மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இலிங்கா டாக்டர் அவளைச் சேர்த்துவிட்டார். அந்த மருந்து பலித்தால் மறுபடியும் தெம்பாக நடமாடலாம் என்று சவேத்தா நம்பினாள். மருந்து தொடங்கும் முன் மலத்தைச் சோதித்தார்கள்.

"அம்மா, இதுல கோதுமை இருக்கு. ரொட்டி சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"பிஸ்கட்? சூப்புல சேமியா?"

"எதையும் தொடல, டாக்டர்."

"சோதனை பொய் சொல்லாதும்மா."

"அப்போ நான் சொல்றேனா?"

இலிங்கா சோதனைத் தாளை மறுபடி புரட்டினார். ஆய்வை நடத்திய பேராசிரியர் கதவருகே நின்றபடி பேசினார். "இவங்களை ஆய்விலேர்ந்து நீக்கிடுங்க. ஒழுங்கா பத்தியம் இருக்கறவங்கதான் நமக்கு வேணும்." பம்ஃபில் வராந்தாவில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று முதல் பம்ஃபில் தன் ரொட்டியை மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

"யோவ், நான் திருடியா?" என்று கேட்டாள்.

"திருடின்னு யாரு சொன்னா? பசிச்சா மனுஷி என்ன பண்ணுவா. ஒத்துக்கிட்டா போதும்."

அவன் வெளியிலும் சொல்லியிருக்க வேண்டும். கோயில் வாசலில் ரஃபிலா எல்லோர் காதிலும் விழும்படி, "அக்கா, என் அடுப்புல அடிக்கடி ஒரு அப்பம் குறையுது, நீ பாத்தியா?" என்றாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாதிரியார்கூட, பாவமன்னிப்பு கேட்க வரலாமே என்று அவளிடம் மென்மையாகச் சொன்னார். செய்யாததை எப்படிச் சொல்வது என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

உண்மையை நீயே வெளியே கொண்டுவா என்று கடவுளிடம் முறையிட ஆரம்பித்தாள். காலையில் ஒரு துண்டு போதாதென்று சாயங்காலமும் எடுத்தாள். வெறும் வயிறாக இருக்க வேண்டுமே என்று மதியச் சாப்பாட்டை விட்டாள். எலும்பு அரிசிப் பொரியாகிவிட்டிருந்தது. கிணற்றடியில் தடுக்கி விழுந்ததில் இடுப்பு முறிந்து, எலும்பு கூடியபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் பம்ஃபில் நெஞ்சு வலியில் படுத்தான். தண்ணீர் கொடுக்கப் போனவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல், "இப்பவாவது சொல்லு. எங்கதான் ஒளிச்சு வெச்சிருந்த?" என்றான். அவள் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். விடிவதற்குள் போய்விட்டான். அவனுக்காகக் கோயிலில் படைத்த அப்பம் ரஃபிலா சுட்டது.

அவனுடைய கைபேசியை அவள் அணைக்கவில்லை. மின்சாரத்தில் செருகியே வைத்திருந்தாள். மருத்துவமனையில் கொடுத்திருந்த எண்ணும் அதுதான். இரண்டு வருஷம் கழித்து, நோன்பு நாள் ஒன்றில், காலைத் துண்டை மென்றுகொண்டிருந்தபோது அது ஒலித்தது. குறுஞ்செய்தி. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சவேத்தா அம்மா, நான் இலிங்கா டாக்டர். வேற ஊர்லேர்ந்து ஒரு பாதிரியாரோட மனைவி வந்தாங்க. அவங்களுக்கும் உங்களை மாதிரியே பத்தியம் இருந்தும் குணமாகல. தினம் ஆசி அப்பம் எடுக்கறாங்கன்னு பேச்சுவாக்குல சொன்னாங்க. நீங்களும் எடுத்திருப்பீங்க. ரொட்டி சாப்பிட்டீங்களான்னு கேட்டேன், இதைக் கேக்கல. நானும் சின்ன வயசுலேர்ந்து எடுக்கறவதான், எனக்கே தோணல. நீங்க பொய் சொல்லல. பத்தியத்தை மீறினவங்கன்னு உங்களை எழுதின கட்டுரை வெளிவந்துடுச்சு, மாத்த முடியாதுன்னு பேராசிரியர் சொல்லிட்டார். தயவுசெஞ்சு இன்னிக்கே அந்த அப்பத்தை நிறுத்திடுங்க. இந்தச் செய்தியை உங்க வீட்டுக்காரர்கிட்டயும் காட்டுங்க."